நாயின் கழுத்தில் ஏழு பேர்

கோச்: சரி, முதல்லேர்ந்து வா. ஞாயித்துக்கிழம மத்தியானம் எங்க இருந்தே?

லெம்: ஹாஸ்டல் ரூம்ல தூங்கிட்டிருந்தேன் கோச். ஓய்வு நாள்னு நீங்கதானே சொன்னீங்க.

கோச்: நீ எங்க இருக்கேன்னு காட்டுற சிப்பு அப்படிச் சொல்லலையே.

லெம்: என்ன சொல்லுது?

கோச்: மைதானத்து ஓரத்துல மேப்பிள் மரம் இருக்குல்ல... அதுக்கடியில கெடந்திருக்கே.

லெம்: ஆமா... அங்க காத்து வரும். கேம்ப்புக்குன்னு நமக்குக் குடுத்த இந்தக் காலேஜ் ஹாஸ்டல் கட்டில்ல என் கால் வெளியில நீட்டிக்கிட்டு நிக்குது. அதான் எந்திரிச்சுப் போனேன்.

கோச்: அப்புறம் சமையக்கட்டுக்குப் பின்னால, குப்பத்தொட்டிகிட்ட. ரொம்ப நேரம்.

லெம்: பசி கோச்.

கோச்: அப்புறம் குளத்துல குதிச்சிருக்கே. குதிச்சு, நேராப் போகல... வளைஞ்சு வளைஞ்சு, எதையோ தொரத்துற மாதிரி.

லெம்: நீச்சல் மூட்டுக்கு நல்லதுன்னு நம்ம பிசியோ அம்மாதான்...

டார்லா: என்னை இதுல இழுக்காத லெம்.

கோச்: நீ ஒருத்தன்னா நான் நம்பியிருப்பேன். பத்து வருஷமா அமெரிக்கன் ஃபுட்பால்ல லைன்பேக்கரா முட்டி மோதி ஆடுறவன், மண்டைல அடி பட்டிருக்கும், குளத்துல குதிச்சிருப்பான்னு விட்டிருப்பேன். ஆனா ஏழு பேரு. ஏழு பேரும் அதே மரத்தடி, அதே குப்பத்தொட்டி, அதே குளம். கம்ப்யூட்டர்ல பாத்தா ஒரே புள்ளி. முன்னூறு பவுண்டு ஆளுங்க ரெண்டு பேரு இருக்கானுங்க அதுல. ஒருத்தன் மேல ஒருத்தன் படுத்தாக்கூட ஒரே புள்ளியா வராது.

லெம்: நாங்க ரொம்ப ஒத்துமையா இருக்குற டீம்.

டார்லா: சிரிக்காத.

லெம்: நான் எங்க சிரிச்சேன்? நீதான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டே.

கோச்: ரெண்டு பேரும் நிறுத்துங்க. இது என்ன? மேசைல போட்டேனே... இது என்ன லெம்?

லெம்: நாய்ப் பட்டை.

கோச்: யாரோட நாய்?

லெம்: புல்லு வெட்டுற குன்னாரோட நாய். பேரு மேயர்.

கோச்: மேயர் கழுத்துப் பட்டைல என்ன தொங்குது? எண்ணு. சத்தமா எண்ணு.

லெம்: எண்ண வேண்டாம் கோச். ஏழு சிப்புதான்.

கோச்: முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிறதுன்னு சொல்வாங்க. நீங்க ஏழு பூசணிக்காய ஒரு நாய்மேல மறைச்சிருக்கீங்க. ஆளுக்கொரு நாய் பிடிக்கிற அளவுக்குக்கூடவா புத்தி இல்ல?

லெம்: இந்த ஊர்ல மேயர் ஒருத்தன்தான் எங்ககூடப் பழகுறான்.

கோச்: இந்த சிப்பு எதுக்குக் குடுத்தேன்னு தெரியுமா உனக்கு?

லெம்: தெரியும். சீசன் ஆரம்பிக்கிற வரைக்கும், நீங்க சொன்னதுக்கு மேல ஒரு அடிகூட நாங்க ஓடிடக் கூடாதுன்னு. ஓய்வு நேரத்துலயும் பைக்குள்ள வெச்சிருக்கணும்னு.

கோச்: அப்ப அந்த நேரத்துல எங்கடா இருந்தீங்க?

லெம்: பட்டைய நான் எடுத்துக்கலாமா கோச்? மேயர் தேடுவான்.

கோச்: சொல்ல மாட்டே. சரி. இந்தா, இதுவும் மேசைல இருக்கட்டும்.

லெம்: ஆரஞ்சுக் கூம்பு. ஓட்டப் பயிற்சிக்குத் தூரம் காட்ட வெக்கிறது.

கோச்: சறுக்கு மேட்டுல கெடந்துச்சு. பனிக்காலத்துல பசங்க சறுக்கி வெளையாடுற மேடு, காலேஜுக்குப் பின்னால. புல்லு பூரா மிதிபட்டுக் கெடக்கு. டார்லா, இது உன் ரூம் கூம்புதானே? அடில உன் பேரு எழுதியிருக்கு.

டார்லா: ...ஆமா. என்னோடதுதான்.

கோச்: எப்படி அங்க போச்சு?

லெம்: நான் எடுத்தேன் கோச். அலமாரி தொறந்து கெடந்துச்சு, எடுத்தேன்.

டார்லா: தொறந்தா?

லெம்: ஆமா டார்லா, தொறந்துதான் கெடந்துச்சு. பூட்ட மறந்திருப்பே. கேக்காம எடுத்ததுக்கு வேணும்னா திட்டு. நல்லாத் திட்டு.

டார்லா: ...உன்னத் திட்டி என்ன ஆகப் போகுது.

கோச்: மருந்து மாத்திரை எல்லாம் அதே அலமாரிலதானே வெக்கிற? பூட்டி வெக்க மாட்டியா?

டார்லா: இனிமே பாத்துக்கறேன் கோச்.

கோச்: மேடேறி ஓடியிருக்கீங்க. வெயில்ல, ஓய்வு நேரத்துல, என் முதுகுக்குப் பின்னால. போன வாரம் ட்ரெண்ட் பெக்லர் எதுக்குப் பெட்டி கட்டினான்னு நெனப்பிருக்கா?

லெம்: சாப்பாட்டு நேரத்துல ஜிம்முக்குள்ள பூந்து எடை தூக்கினதுக்கு.

கோச்: அவன்கிட்ட என்ன சொன்னேன்?

லெம்: எல்லா கோச்சும் சொல்றதுதான். ‘ஆட்டப் புத்தகத்த எடுத்துட்டு என் ரூமுக்கு வா.’ அதக் கேட்டா ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். ஆனா கோச், இப்பல்லாம் புத்தகம் இல்ல, டேப்லட்தான். நீங்க இன்னும் பழசையே...

கோச்: லெம்.

லெம்: சரி. பேசல.

கோச்: நான் விளையாட்டுக்குச் சொல்றேன்னு நெனைக்கிறியா? என் முட்டி எங்க போச்சு தெரியுமா? ஆகஸ்ட்ல போச்சு. சீசனுக்கு முன்னாடி ஆடுற ஆட்டம், ஜெயிச்சாலும் தோத்தாலும் கணக்குல வராத ஆட்டம். அதுல போச்சு. இருபத்தாறு வயசு எனக்கு. அப்பலேர்ந்து மாடிப்படிய பக்கவாட்டுலதான் ஏறுறேன். போன வருஷம் இதே கேம்ப்ல நம்ம ஆளுங்க ரெண்டு பேரு... சீசன் ஆரம்பிக்கவே இல்ல, ஸ்ட்ரெச்சர்ல போனானுங்க. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். இனிமே ஆகஸ்ட்ல ஒருத்தனையும் ஒடைய விட மாட்டேன்.

லெம்: செப்டம்பர்ல ஒடஞ்சாப் பரவால்லையா?

கோச்: என்ன சொன்னே?

லெம்: ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, உங்களுக்கு முந்தின கோச்சும் இதையேதான் சொன்னாரு. மூத்த ஆளுங்க ஓடாதீங்க, ஆடாதீங்க, பொத்திப் பொத்தி வெச்சுக்கறோம்னு. நான் கேட்டேன். சொன்ன பேச்சு கேட்டேன் கோச். ஆகஸ்ட் பூரா பஞ்சுல வெச்ச முட்டை மாதிரி இருந்தேன். முதல் ஆட்டம், மொத குவார்ட்டர், ஆட்டத்துல கால்வாசிகூட முடியல. யாரோ பின்னாலேர்ந்து குதிகால்ல உதைச்ச மாதிரி இருந்துச்சு. எவன்டா அதுன்னு திரும்பிப் பாக்குறேன், பின்னால ஒருத்தனும் இல்ல. குதிகால் நரம்பு. அது அறுந்த சத்தம் கேலரி வரைக்கும் கேட்டுச்சாம்.

கோச்: அது உன் தலையெழுத்து. ஓடியிருந்தாலும் அறுந்திருக்கும்.

லெம்: இருக்கலாம். ஓடாம அறுந்ததுதான் எனக்குத் தெரியும்.

கோச்: டார்லா, நீ சொல்லு. படிச்சவ நீ. சீசனுக்கு முன்னாடி கஷ்டப்படுத்தினா காயம் கூடுமா, கொறையுமா?

டார்லா: ஒரு வரில சொல்ல முடியாது கோச். திடீர்னு நெறைய ஓட விட்டாலும் அறும். ஒண்ணுமே ஓடாம வெச்சிருந்து திடீர்னு ஆட விட்டாலும் அறும். அந்த லாக்கவுட் வருஷம் நான் இந்த வேலைக்குப் புதுசு. சம்பளத் தகராறுல முதலாளிங்க கதவ சாத்திட்டாங்க, ஒருத்தனுக்கும் முறையான பயிற்சி இல்ல. கதவத் தொறந்து நேரா கேம்ப்புன்னதும் அங்கங்க குதிகாலா அறுந்துச்சு. அதனாலதான்னு அடிச்சுச் சொல்றவங்களும் இருக்காங்க, இல்லேங்கிறவங்களும் இருக்காங்க. என் அறிவுக்கு எட்டினது... கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும்.

கோச்: கேட்டியா லெம்? படிச்சவளுக்கே உறுதியாத் தெரியல. உனக்கு மட்டும் எப்படிடா தெரிஞ்சுது?

லெம்: என் காலுக்குத் தெரியும்.

கோச்: உன் காலு சொல்லி நீ மேடேறல. யாரோ சொல்லிக் குடுத்திருக்கான். ஊருக்குள்ள ஜிம்மு வெச்சிருக்கானே ஒரு மீசக்காரன்... அவன்தானே?

லெம்: அவன் முகத்தக்கூட நான் பாத்ததில்ல.

கோச்: வேற எவன்? என் ஆளுங்க உடம்புல வெளியாள் கைவெக்கிறத நான் விட மாட்டேன். பேரு சொல்லு. மத்த ஆறு பேரையும் மன்னிச்சு விட்டுடறேன். உன்னையும்.

லெம்: நான்தான் கோச். மேடு என் யோசனை, நாய் என் யோசனை. மத்தவனுங்க என் பின்னால வந்தவனுங்க. தலை வேணும்னா ஒரே தலைதான், இந்தா இருக்கு.

கோச்: உன் தலை எனக்கெதுக்கு? அதுல ஒண்ணும் இல்லேன்னு தெரியும்.

லெம்: அப்ப என் காலப் பாருங்க.

கோச்: ...என்ன?

லெம்: சனிக்கிழம கடைசி ஒத்திகை ஆட்டம் இருக்குல்ல. மூத்தவங்கள எல்லாம் உக்கார வெச்சுட்டு சின்னப் பசங்கள ஆட விடுவீங்க. என்னை இறக்குங்க.

டார்லா: லெம், என்ன பேசுறே நீ?

லெம்: நீ சும்மா இரு.

கோச்: இறக்கட்டுமா? சரி, இறக்கறேன். ஒரு குவார்ட்டர் இல்ல, நாலு குவார்ட்டரும். சின்னப் பசங்ககூட. அவனுங்க டீம்ல எடம் பிடிக்க உயிரக் குடுத்து மோதுவானுங்க, உனக்குத் தெரியும். நொண்டிக்கிட்டு வெளிய வந்தே... அப்புறம் நான் புத்தகத்தக் கேக்கவே மாட்டேன். நீயே கொண்டு வந்து குடுத்துருவே.

லெம்: நொண்டாம வந்தா?

கோச்: வந்தா பாக்கலாம்.

டார்லா: கோச், நாலு குவார்ட்டர் அதிகம். இந்த வருஷத்து மொத ஆட்டத்துலயே யாரும்...

கோச்: கேட்டது அவன் டார்லா. நான் இல்ல.

*

டார்லா: கால நேரா வை. ஆட்டாத.

லெம்: நான் ஆட்டல. நீதான் சுத்தின டேப்பையே பிரிச்சுப் பிரிச்சுச் சுத்துறே.

டார்லா: வேர்க்குது. டேப்பு வழுக்குது.

லெம்: ஏசி போட்ட ரூம்ல வேர்க்குதாம். பதினஞ்சு வருஷமா குதிகால்ல டேப்பு சுத்துறவளுக்கு.

டார்லா: வாய் கொஞ்சம் கம்மியா இருந்திருந்தா உனக்கு இன்னிக்கு லீவு. வெளிய நாற்காலி போட்டு, பிராட்வர்ஸ்ட் சாசேஜக் கையில வெச்சுக்கிட்டு, மத்தவன் ஆடுறதப் பாத்திருக்கலாம்.

லெம்: அதான் வேண்டாம்னேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அப்படித்தானே உக்காந்திருந்தேன்.

டார்லா: ...இறுக்கமா இருக்கா?

லெம்: சரியா இருக்கு.

டார்லா: இங்க தொட்டா?

லெம்: ஒண்ணும் இல்ல.

டார்லா: இங்க?

லெம்: ...ஒண்ணும் இல்ல.

டார்லா: ஒரு நொடி யோசிச்சே.

லெம்: உன் கை சில்லுனு இருக்கு டார்லா. அதுக்கு யோசிச்சேன்.

டார்லா: பொய் சொல்லாத லெம். உன் பொய்யெல்லாம் நான் முந்தாநாளே கேட்டு முடிச்சாச்சு.

லெம்: கதவு தொறந்திருக்கு. மெதுவாப் பேசு. சின்னப் பசங்க நடமாடிக்கிட்டிருக்கானுங்க.

டார்லா: நான் கோச்கிட்டப் பேசப் போறேன்.

லெம்: என்ன பேசுவே?

டார்லா: நாலு குவார்ட்டர் அதிகம்னு.

லெம்: அவ்வளவுதானா?

டார்லா: கால இந்தப் பக்கம் திருப்பு.

லெம்: அந்த முகத்த வெச்சுக்கிட்டு அவர்கிட்டப் போகாத. எங்கப்பன் குதிருக்குள்ள இல்லேன்னு முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கு.

டார்லா: எனக்கு அன்னிக்கு ராத்திரி இன்னும் மறக்கல லெம்.

லெம்: இப்ப அது எதுக்கு?

டார்லா: உன்னை ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போறாங்க, நான் பக்கத்துல நடந்து வர்றேன். நீ கத்தல, அழுகல. என்னப் பாத்துக் கேட்டே... ‘நீ சொன்ன மாதிரிதானே இருந்தேன்?’ன்னு. அவ்வளவுதான் கேட்டே.

லெம்: வலில ஏதோ உளறியிருப்பேன்.

டார்லா: உளறல. சரியாத்தான் கேட்டே. ஓய்வா இரு, ஒண்ணும் பண்ணாதன்னு உன்கிட்ட வந்து சொன்னவ நான்தான். அந்த கோச் சொன்னாரு, நான் வாய மூடிக்கிட்டு வந்து உன்கிட்டச் சொன்னேன். இது சரியில்லன்னு எனக்கு உள்ளுக்குள்ள பட்டுச்சு. படாம சொல்லியிருந்தாக்கூட மனசு ஆறும். பட்டும் சொன்னேன்.

லெம்: நான் உன்னக் குத்தம் சொன்னேனா? ஒரு நாளாவது?

டார்லா: சொல்லித் தொலைச்சிருக்கலாம்.

லெம்: எங்கம்மா ஒண்ணு சொல்லும். ஒடைஞ்ச முட்டைய யாரு ஒடைச்சான்னு பாக்காத, ஆம்லெட் போடுன்னு.

டார்லா: உங்கம்மா அப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்க. நீயாக் கட்டுறே.

லெம்: சொல்லல. ஆனா ஆம்லெட் நல்லாப் போடும்.

டார்லா: ...இன்னிக்கு இது அறுந்துச்சுன்னா மறுபடியும் தைக்க முடியாது. உனக்குத் தெரியும்ல? முப்பத்தி மூணு வயசு. வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழி ஒடஞ்ச கதையாயிடும்.

லெம்: அறாது.

டார்லா: உனக்கு எப்படித் தெரியும்?

லெம்: தெரியாது. உனக்கும் தெரியாது. கோச்சுக்கும் தெரியாது. ஆனா முந்தா வருஷம் அறுந்தப்ப, அது வேற ஒருத்தர் முடிவு. இன்னிக்கு அறுந்தா என் முடிவு. அந்த வித்தியாசம் எனக்குப் போதும்.

டார்லா: எனக்குப் போதாது.

லெம்: கேளு. நீ கோச்கிட்டப் போயி எதையாவது கொட்டி வெச்சேன்னா, திங்கக்கிழம இந்த ரூம்ல வேற ஒருத்தி இருப்பா. அப்புறம் அந்த ஆறு பேரு குதிகால யாரு பாப்பா? அந்தப் பெரிய உடம்புக்காரன் ஓட்டிஸ் இருக்கானே, ஊசின்னாலே மயக்கம் போடுவான். உன்னத் தவிர யாரையும் தொட விட மாட்டான். அதனால வாயத் தொறக்காத. சத்தியம் பண்ணு.

டார்லா: சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன்.

லெம்: டார்லா.

டார்லா: இந்தா, ஷூவ மாட்டு. கயிறு ரொம்ப இறுக்காத. மொத குவார்ட்டர்ல வீராப்பு காட்டாத, மூச்சு வாங்கினா வாங்குதுன்னு சொல்லு. காலு எதாவது சொன்னா...

லெம்: சொன்னா?

டார்லா: என்னப் பாரு. கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நிப்பேன். திரும்பினா தெரியுற மாதிரி நிப்பேன்.

லெம்: இந்தத் தடவ திரும்பிப் பாத்தா பின்னால ஆள் இருக்கும்னு சொல்லு.

டார்லா: போடா. பசங்க கூப்புடுறானுங்க.

*

கோச்: எந்திரி.

லெம்: கோச், இப்பத்தான் உக்காந்தேன். நாலு குவார்ட்டர் கோச். அந்தச் சின்னப் பசங்க என்னை ஆளு மாத்தி ஆளு இடிச்சானுங்க. காது வலிக்குது. காது எப்படி வலிக்கும்னே தெரியல.

கோச்: எந்திரின்னேன். நாலடி நட.

லெம்: ...நடந்தாச்சு.

கோச்: திரும்பி நட.

லெம்: நான் என்ன மாட்டுச் சந்தைக்கா வந்திருக்கேன்?

டார்லா: நட லெம்.

கோச்: நொண்டல.

லெம்: நொண்டல.

கோச்: அந்தக் காலு மட்டும். ஒத்தக் காலுல நின்னு எம்பு. செவுத்தப் பிடிக்காத.

லெம்: ...இப்படியா?

கோச்: இன்னொரு தடவ.

லெம்: வேணுங்கிற அளவு எம்பறேன். நீங்களும் வாங்க கோச், சேந்து எம்பலாம்.

கோச்: கிண்டலா?

லெம்: கொஞ்சம்.

கோச்: ...உண்மையச் சொல்லு. வலிக்குதா?

லெம்: வலிக்குது. கழுத்து, தோளு, இடுப்பு, காது... எல்லாம் வலிக்குது. குதிகாலு மட்டும் வாயே தொறக்கல.

கோச்: ஒருத்தன் ஒரு நாள் நொண்டாம வந்துட்டா ஒண்ணும் நிரூபணம் ஆயிடாது. அத முதல்ல புரிஞ்சுக்கோ.

டார்லா: அது சரிதான்.

லெம்: நீ யாரு பக்கம்?

டார்லா: சரியான பக்கம். அதிர்ஷ்டமாவும் இருக்கலாம் லெம். ஒரு காலு, ஒரு ஆட்டம். அத வெச்சு யாரும் எதையும் சொல்ல முடியாது.

கோச்: கேளு, உன் பிசியோவே சொல்றா. சரி... நல்லா ஆடினே. அதையும் சொல்லிடறேன், மனசுல வெச்சுக்கல. மூணாவது குவார்ட்டர்ல அந்தப் பையனக் குறுக்க மறிச்சுப் பிடிச்சியே... உன் பழைய காலு அது. கண்ணால பாத்தேன்.

லெம்: நன்றி கோச்.

கோச்: நன்றி சொல்லாத. இன்னும் முடியல. காலைல குன்னார்கிட்டப் பேசினேன்.

லெம்: ...மேயர் எப்படி இருக்கான்?

கோச்: குன்னார் எல்லாம் பாத்திருக்கான். விடியக்காலைல புல்லு வெட்டுறவன் கண்ணுக்குத் தப்ப முடியுமா? தெனமும் காலைலயும் பாத்திருக்கான், ஓய்வு நாள் மத்தியானமும் பாத்திருக்கான். மொத வாரம் நீங்க ஓடவே இல்லையாம். நடந்தீங்களாம், மேட்டுல ஏறி, நடந்தே எறங்கினீங்களாம். அடுத்த வாரம் பாதி மேடு, மெல்லோட்டம். நடுநடுல ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒண்ணுமே செய்யாம புல்லுல கெடந்தீங்களாம். அப்புறம்தான் முழு மேடு.

லெம்: வயசாச்சு கோச். மெதுவாத்தான் ஆரம்பிக்கணும்.

கோச்: டேய், உன்னை எனக்குத் தெரியாதா? உனக்கு ஓடத் தெரியும்னா வாந்தி வர்ற வரைக்கும் ஓடத் தெரியும். நிறுத்தத் தெரியாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் புல்லுல கெடக்குற புத்தி உனக்கு இந்த ஜென்மத்துல வராது. பின்னால ஒரு ஆளு இருக்கான். விவரம் தெரிஞ்ச ஆளு. பேரு.

லெம்: நான்தான்னு சொன்னேன்ல.

கோச்: பேரு, லெம்.

லெம்: ஆடச் சொன்னீங்க, ஆடினேன். நொண்டாம வரச் சொன்னீங்க, வந்தேன். எம்பச் சொன்னீங்க, எம்பினேன். இதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் இல்ல.

கோச்: ட்ரெண்ட் பெக்லர நான் இதவிடச் சின்னத் தப்புக்கு அனுப்பினேன். அவனுக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமா? உடை மாத்துற அந்த ரூம்ல அம்பது ஆம்பளைங்க பாத்துக்கிட்டிருக்கானுங்க. என் பேச்சுக்கு மதிப்பில்லன்னா நாளைக்கு ஒருத்தன் சிப்பும் அவன் பைல இருக்காது. குன்னாரு நாய் வளத்துக் கட்டுப்படியாகாது.

லெம்: புரியுது.

கோச்: புரிஞ்சா பேரு சொல்லு. உன்னை அனுப்ப எனக்கு மனசில்ல. வெளியாள் எவனோ ஒருத்தனுக்காக எதுக்குடா பத்து வருஷத்தத் தொலைக்கிறே?

லெம்: மன்னிப்பு கேக்கச் சொல்றீங்களா? கேக்க மாட்டேன். பேரு சொல்லச் சொல்றீங்களா? சொல்ல மாட்டேன். அந்த மேடு ஏறினதுக்கு எனக்கு ஒரு துளி வருத்தம் இல்ல. திரும்ப ஆகஸ்ட் வந்தா திரும்ப ஏறுவேன், வேற ஊர்ல, வேற சட்டைல. இல்ல, சட்டையே இல்லாம ஏறுவேன்.

டார்லா: லெம், போதும்.

லெம்: நீ பேசாத.

கோச்: கடைசியாக் கேக்கறேன்.

லெம்: கடைசியாவே இருக்கட்டும்.

கோச்: ...சரி. குளிச்சிட்டு வா. ஆட்டப் புத்தகத்த எடுத்துட்டு என் ரூமுக்கு வா.

லெம்: டேப்லட்டு, கோச்.

கோச்: எதுவோ ஒண்ணு. எடுத்துட்டு வா.

லெம்: சரி. ஓட்டிஸ்கிட்ட மட்டும் சொல்லிடறேன், அவன் அழுவான்...

டார்லா: கோச், ஒரு நிமிஷம்.

லெம்: டார்லா, வேண்டாம்.

டார்லா: அவன் குளிக்கட்டும், ஆனா எங்கயும் வர வேண்டியதில்ல. அன்னிக்கு அலமாரிய ஏன் பூட்டலேன்னு கேட்டீங்கல்ல?

லெம்: டார்லா, வாய மூடு. கோச், அவளுக்கு வெயில் ஒத்துக்கல, காலைலேர்ந்து ஏதேதோ...

கோச்: நீ கொஞ்சம் நிறுத்து. சொல்லு டார்லா, அலமாரிக்கு என்ன?

டார்லா: அந்த அலமாரி ஒரு நாளும் தொறந்து கெடந்ததில்ல கோச். சாவி ஒண்ணே ஒண்ணுதான்... இதோ, என் கழுத்துல தொங்குது.